வெஸ்டர்ன் பிளாட்: பி53 புரதத்தை வைத்து முதல் முறை செய்வது எப்படி

ஒரு செல்லைக் கரைத்தால் ஆயிரக்கணக்கான புரதங்கள் கலந்த சாறு கிடைக்கும். அதில் நாம் தேடும் ஒரு புரதம் இருக்கிறதா, இருந்தால் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று பார்க்கப் பெரும்பாலும் கையிலெடுப்பது வெஸ்டர்ன் பிளாட். புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரிக்கிறோம், ஒரு மெம்ப்ரேனுக்கு (புரதம் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய தாள்) மாற்றுகிறோம், பிறகு குறிப்பிட்ட புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியை விட்டுத் தேடுகிறோம். 1979-இல் பாசல் நகரில் டௌபின், ஸ்டாஹெலின், கோர்டன் மூவரும் வெளியிட்ட செய்முறை சில்லறை மாற்றங்களோடு இன்றும் நடக்கிறது.

புதிதாக வருபவர்கள் ஜெல் கிழிந்துவிடுமோ, பிப்பெட் பிசகிவிடுமோ என்றுதான் பயப்படுகிறார்கள். அவை கண்ணுக்குத் தெரியும் தவறுகள். மறுநாள் திரும்பச் செய்தால் தீர்ந்தது. ஆபத்தானது வேறு: கூர்மையாக, அழகாக ஒரு பேண்ட் (புரதம் நிற்கும் இடத்தைக் காட்டும் கோடு) வந்திருக்கும், ஆனால் அது நீங்கள் தேடிய புரதமாகவே இருக்காது. 2023-இல் மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தை மையமாகக் கொண்ட ஒரு குழு, 65 மனிதப் புரதங்களுக்காக விற்கப்படும் 614 ஆன்டிபாடிகளை, அந்தந்தப் புரதம் நீக்கப்பட்ட செல்களோடு ஒப்பிட்டுச் சோதித்தது. குறிவைத்த புரதத்தைப் பிடிக்கவே பிடிக்காத ஆன்டிபாடியை நம்பி எழுதப்பட்ட ஆய்வுக்கட்டுரைகள், ஒரு புரதத்துக்குச் சராசரியாக 12 என்று தெரியவந்தது. ஆகவே ஜெல் வார்ப்பதற்கு முன்பே, எந்த லேனில் (ஜெல்லில் ஒரு சாம்பிள் ஓடும் பாதை) எதைப் போடுவது என்பதைத் தாளில் எழுதி முடித்துவிடுங்கள்.

லேன்களை முடிவு செய்வது

பழகுவதற்கு, செல்லின் டிஎன்ஏ சிதையும்போது அளவு ஏறும் பி53 நல்ல புரதம். 393 அமினோ அமிலங்கள் கொண்டது. கணக்குப்படி எடை சுமார் 44 கிலோடால்டன் (புரத எடையின் அலகு). ஜெல்லில் ஓடுவதோ 53 பக்கத்தில். அதிலுள்ள புரோலின் மிகுந்த பகுதி அதை மெதுவாக நகரச் செய்கிறது. தரவுத்தளத்தில் பார்த்த எடையும் ஜெல்லில் தெரியும் எடையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மார்பகப் புற்றுநோய் செல்லான எம்சிஎஃப்-7-இல் பழுதில்லாத பி53 உண்டு. சாதாரண நிலையில் எம்டிஎம்2 என்ற புரதம் அதைக் குறிவைத்து அழித்துக்கொண்டே இருப்பதால் அளவு குறைவாக இருக்கும். டாக்ஸோரூபிசின் கொடுத்து டிஎன்ஏவைச் சிதைத்தால் அந்த அழிப்பு நின்று பி53 ஏறும். நுரையீரல் புற்றுநோய் செல்லான எச்1299-இல் பி53 ஜீனே சிதைந்துபோனதால் புரதம் கிடையாது. இந்த இரண்டையும் சேர்த்தால் லேன் வரிசை தானாக வருகிறது:

1. நிறமேற்றிய மார்க்கர் (எடை தெரிந்த புரதங்களின் கலவை), 5 மைக்ரோலிட்டர்
2. எம்சிஎஃப்-7, மருந்து இல்லாமல், அதைக் கரைக்கும் திரவம் மட்டும்
3. எம்சிஎஃப்-7, டாக்ஸோரூபிசின் 1 மைக்ரோமோலார், 24 மணி நேரம்
4. எச்1299, திரவம் மட்டும்
5. எச்1299, அதே டாக்ஸோரூபிசின்

மூன்றாவது லேன் "ஆன்டிபாடி வேலை செய்கிறது" என்று சொல்லும். நான்கும் ஐந்தும் "அது பிடிப்பது பி53-ஐத்தான்" என்று சொல்லும். ஐந்தாவதை வீண் என்று விட்டுவிடாதீர்கள். மருந்து கொடுத்ததால் எழும் வேறு ஏதாவது புரதத்தை ஆன்டிபாடி பிடித்தால் அது இங்கேதான் அம்பலமாகும். மீதியிருக்கும் லேன்களில் 2, 3-ஐத் திரும்ப ஏற்றுங்கள். முதன்மை ஆன்டிபாடி (புரதத்தைப் பிடிப்பது) இல்லாமல் இரண்டாம் ஆன்டிபாடி (முதன்மையைப் பிடித்து ஒளிரச் செய்வது) மட்டும் காட்டுவதற்கு, மெம்ப்ரேனிலிருந்து வெட்டியெடுக்கும் அந்தத் துண்டு பயன்படும்.

நீங்கள் தேடும் புரதம் வேறாக இருந்து, அது இல்லாத செல் கிடைக்காவிட்டால், எஸ்ஐஆர்என்ஏ (ஒரு ஜீனை அடக்கும் சிறு ஆர்என்ஏ) கொண்டு அந்தப் புரதத்தைக் குறைத்த செல்லை வையுங்கள். அதுவும் முடியாதென்றால், அதே புரதத்தின் வேறொரு பகுதியைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடியை வாங்கி, இரண்டும் ஒரே மாதிரி ஏறி இறங்குகின்றனவா என்று பாருங்கள். ஆன்டிபாடி விற்பவர்கள் தாளில் போடும் படம் சான்று ஆகாது.

செல்லைக் கரைத்தல்

ரிப்பா பஃபர் போதும்: டிரிஸ் 50 மில்லிமோலார் (பிஎச் 8.0), உப்பு 150 மில்லிமோலார், என்பி-40 1%, சோடியம் டீஆக்ஸிகோலேட் 0.5%, எஸ்டிஎஸ் 0.1%. புரதம் அழிக்கும் என்ஸைம்களைத் தடுக்கும் கலவையை அன்றன்றைக்குச் சேர்க்க வேண்டும். அப்படித் தடுக்கும் பொருள்களில் ஒன்றான பிஎம்எஸ்எஃப் தண்ணீரில் சீக்கிரம் செயலிழக்கும். அதைச் செல்லில் ஊற்றுவதற்குச் சற்று முன்தான் 1 மில்லிமோலார் அளவுக்கு விட வேண்டும். பி53 தானாகவே சில பத்து நிமிடங்களில் பாதியாகிவிடும் புரதம். ஆகவே கழுவுவது முதல் எல்லாமே ஐஸ்மேல்.

1. 10 செ.மீ. டிஷ்ஷிலிருந்து மீடியத்தை உறிஞ்சிவிட்டு, குளிர்ந்த பிபிஎஸ்ஸால் (பாஸ்பேட் கலந்த உப்புக்கரைசல்) இருமுறை கழுவுங்கள். டாக்ஸோரூபிசின் கலந்த மீடியத்தைச் சிங்க்கில் ஊற்றக் கூடாது. அதற்கான கழிவுப் பாட்டிலில் சேருங்கள்.
2. பிபிஎஸ் ஒரு சொட்டுகூடத் தங்காமல் எடுத்துவிட்டு, 300 மைக்ரோலிட்டர் ரிப்பா விட்டுச் சுரண்டியால் வழித்துக் குழாயில் சேருங்கள்.
3. ஐஸில் 20 நிமிடம்.
4. 4 டிகிரியில் 14,000 ஜி வேகத்தில் 15 நிமிடம் சுழற்றி, மேலே நிற்கும் தெளிவை எடுங்கள்.

சாறு மூக்குச்சளி போல இழுபடுகிறதா? அது டிஎன்ஏ. இன்சுலின் ஊசியால் பத்துமுறை இழுத்து விடுங்கள், அல்லது ஐஸில் வைத்துச் சில நொடி சோனிகேட் செய்யுங்கள். அப்படியே ஏற்றினால் சாம்பிள் கிணற்றில் இறங்காமல் பிப்பெட் முனையோடு திரும்பி வரும்.

சாறில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளவிடப் பிசிஏ என்ற நிறமாற்ற முறையைப் பயன்படுத்துங்கள். பிராட்ஃபோர்டு முறைக்கு ரிப்பாவில் உள்ள டிடர்ஜென்ட் ஒத்துவராது. பிசிஏவுக்கு ஒத்துவராதவை டிடிடியும் மெர்காப்டோஎத்தனாலும். ஆகவே மெர்காப்டோஎத்தனால் உள்ள சாம்பிள் பஃபர் சேர்ப்பதற்கு முன்பே அளந்துவிட வேண்டும். பிஎஸ்ஏ (மாட்டுச் சீரம் அல்புமின்) திட்டக்கரைசல்களும் சாம்பிள்களும் இரட்டையாக, 37 டிகிரியில் 30 நிமிடம், 562 நானோமீட்டரில் அளவு.

ஒரு லேனுக்கு 20 மைக்ரோகிராம் புரதம், 20 மைக்ரோலிட்டர் கனஅளவு என்று வைத்துக்கொள்வோம். சாறு ஒரு மைக்ரோலிட்டருக்கு 3 மைக்ரோகிராம் என்று வந்தால்: சாறு 6.7, நான்மடங்கு சாம்பிள் பஃபர் 5, தண்ணீர் 8.3 மைக்ரோலிட்டர். நான்கு லேனுக்குத் தேவையானதை மொத்தமாகக் கலந்து பிரித்து ஃப்ரீஸரில் வையுங்கள். நான்மடங்கு பஃபரில் இருக்க வேண்டியது: டிரிஸ் 250 மில்லிமோலார் (பிஎச் 6.8), எஸ்டிஎஸ் 8%, கிளிசரால் 40%, பீட்டா-மெர்காப்டோஎத்தனால் 20%, கொஞ்சம் புரோமோஃபீனால் நீலம். 95 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்குங்கள். பி53-க்கு இது சரி. ஆனால் செல் சவ்வைப் பலமுறை ஊடுருவும் புரதங்களைக் கொதிக்க வைத்தால் திரண்டு கிணற்றடியிலேயே நின்றுவிடும். அவற்றுக்கு 37 டிகிரியில் 30 நிமிடம்.

ஜெல்

பி53-க்கு 10% ஜெல். 10 மி.லி. பிரிப்பு ஜெல்லுக்கு: தண்ணீர் 4.0 மி.லி., 30% அக்ரிலமைடு கலவை 3.3 மி.லி., 1.5 மோலார் டிரிஸ் (பிஎச் 8.8) 2.5 மி.லி., 10% எஸ்டிஎஸ் 0.1 மி.லி., 10% ஏபிஎஸ் 0.1 மி.லி., டெமெட் 4 மைக்ரோலிட்டர் (ஏபிஎஸ்ஸும் டெமெட்டும் ஜெல்லை உறைய வைப்பவை). மேல் அடுக்கு 5 மி.லி.: தண்ணீர் 3.4, அக்ரிலமைடு 0.83, 1 மோலார் டிரிஸ் (பிஎச் 6.8) 0.63, எஸ்டிஎஸ் 0.05, ஏபிஎஸ் 0.05 மி.லி., டெமெட் 5 மைக்ரோலிட்டர். 20 கிலோடால்டனுக்குக் கீழே தேடுபவர்கள் 15% வார்க்க வேண்டும் (தண்ணீர் 2.3, அக்ரிலமைடு 5.0), 100-க்கு மேல் என்றால் 8% (4.6, 2.7).

உறையாத அக்ரிலமைடு நரம்பு நஞ்சு. கையுறை இல்லாமல் தொடாதீர்கள். ஏபிஎஸ் பழையதானால் ஜெல் உறையாது. "டெமெட் கெட்டுப்போச்சு" என்று குறை சொல்வதற்கு முன் ஏபிஎஸ்ஸைப் புதிதாகக் கரைத்துப் பாருங்கள். ஏசி இல்லாத அறையில் மே மாதத்தில் எதிர்ப்பிரச்சினை: ஊற்றி முடிப்பதற்குள் உறைந்துவிடும். டெமெட்டைக் கடைசியில் சேர்த்து, தாமதிக்காமல் ஊற்றுங்கள். ஊற்றியதும் மேலே ஐசோபுரோபனால் ஒரு மெல்லிய அடுக்கு விட்டால் விளிம்பு நேராக வரும்.

ஓட்டும் பஃபர் ஒரு லிட்டருக்கு டிரிஸ் 3.03 கிராம், கிளைசின் 14.4 கிராம், எஸ்டிஎஸ் 1 கிராம். பிஎச் தானாகவே 8.3 பக்கம் நிற்கும். அமிலம் விட்டுச் சரிசெய்ய வேண்டாம். அப்படிச் செய்தால் கூடுதல் அயனிகள் சேர்ந்து, மின்னோட்டம் ஏறி, ஜெல் சூடாகும். மேல் அடுக்கைக் கடக்கும்வரை 80 வோல்ட், பிறகு 120. காலி லேன்களிலும் வெறும் சாம்பிள் பஃபரை ஏற்றுங்கள், இல்லாவிட்டால் ஓரத்துப் பேண்டுகள் விரிந்து வளையும். நீலக்கோடு அடியை எட்டும்போது நிறுத்துங்கள்.

மெம்ப்ரேனுக்கு மாற்றுதல்

பிவிடிஎஃப் மெம்ப்ரேனை முதலில் மெத்தனாலில் அரை நிமிடம் நனைக்க வேண்டும். அது இல்லாமல் தண்ணீரை ஏற்காது. நைட்ரோசெல்லுலோஸ் மெம்ப்ரேனைத் தனி மெத்தனாலில் போடவே கூடாது, சுருங்கிக் கரைந்துவிடும். பி53-க்கு 0.45 மைக்ரோமீட்டர் துளை போதும். 20 கிலோடால்டனுக்குக் கீழ்ப்பட்டவை அதில் நிற்காமல் ஊடுருவிப் போய்விடும், அவற்றுக்கு 0.2.

பஃபர்: டிரிஸ் 3.03 கிராம், கிளைசின் 14.4 கிராம், மெத்தனால் 200 மி.லி., தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டர். அடுக்கும் வரிசைதான் முக்கியம். கறுப்புப் பக்கத்திலிருந்து தொடங்கி: ஸ்பாஞ்ச், வடிதாள், ஜெல், மெம்ப்ரேன், வடிதாள், ஸ்பாஞ்ச், சிவப்புப் பக்கம். எஸ்டிஎஸ் ஒட்டியதால் புரதங்கள் எதிர்மின் கொண்டவை, அவை நேர்மின் முனையை, அதாவது சிவப்பை நோக்கி ஓடும். ஜெல்லையும் மெம்ப்ரேனையும் இடம் மாற்றி வைத்தால் மொத்தப் புரதமும் பஃபரில் கலந்துவிடும், திரும்பப் பிடிக்க வழியில்லை. அடுக்குவதைத் தட்டில் பஃபருக்குள்ளேயே செய்து, ஒவ்வொரு அடுக்கின்மேலும் உருளையை ஓட்டிக் காற்றுக்குமிழை வெளியேற்றுங்கள். குமிழ் இருந்த இடம் படத்தில் வட்டமான வெள்ளைப் பொட்டாக வரும்.

ஐஸ்கட்டி வைத்து 100 வோல்ட்டில் 70 நிமிடம். 150 கிலோடால்டனுக்கு மேற்பட்ட புரதங்களுக்கு மெத்தனாலைப் பாதியாகக் குறைத்து, 30 வோல்ட்டில் குளிர் அறையில் இரவு முழுக்க விடுவது நல்லது.

முடிந்ததும் பொன்சோ எஸ் என்ற சிவப்புச் சாயம். பலர் தவிர்க்கும் படி இது. இந்த முழுச் செய்முறையிலும் மலிவான காப்பீடும் இதுதான். 5% அசிட்டிக் அமிலத்தில் 0.1% கரைத்து, மெம்ப்ரேனை 5 நிமிடம் ஊறவைத்து, தண்ணீரில் அலசினால் லேன்கள் இளஞ்சிவப்பாகத் தெரியும். படமெடுத்து வையுங்கள். லேன்கள் சமமாக இருக்கின்றனவா, குமிழ் எங்கே, மாற்றம் முழுமையா எல்லாம் இந்த ஒரு படத்தில் உண்டு. இங்கே கோணலாக இருந்தால் ஆன்டிபாடியைச் செலவழிக்காமல் நிறுத்திவிடலாம். லேன் எண்களைப் பென்சிலால் இப்போதே குறித்து, அடையாளத்துக்கு ஒரு மூலையை வெட்டிவிடுங்கள்.

ஆன்டிபாடி

கழுவும் கரைசலான டிபிஎஸ்டி ஒரு லிட்டருக்கு: டிரிஸ் 2.42 கிராம், உப்பு 8.77 கிராம், பிஎச் 7.6-க்குக் கொண்டுவந்து, டுவீன்-20 1 மி.லி. இதில் 5% கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கரைத்து ஒரு மணி நேரம் ஆட்டினால் மெம்ப்ரேனில் வெறுமையாக இருக்கும் இடமெல்லாம் அடைபடும். டீக்குப் போடும் டெய்ரி ஒயிட்னர் வேண்டாம், அதில் சர்க்கரையும் கொழுப்பும் உண்டு. பாஸ்பேட் ஏறிய புரத வடிவத்தைத் தேடுபவர்களுக்குப் பாலைவிட 5% பிஎஸ்ஏ பாதுகாப்பானது. பாலிலுள்ள கேசினே பாஸ்பேட் ஏறிய புரதம், பின்புலத்தைக் கூட்டலாம்.

1. டிஓ-1 என்ற எலி (இங்கே எல்லா இடத்திலும் சுண்டெலி, mouse) மோனோக்ளோனல் ஆன்டிபாடியை ஒரு மி.லி.க்கு 0.2 முதல் 1 மைக்ரோகிராம் வரும்படி பாலில் கலந்து, 5 மி.லி. விட்டு, 4 டிகிரியில் இரவு முழுக்க ஆட்டுங்கள். "1:1000" என்ற கணக்கை மட்டும் நம்பாதீர்கள், குப்பிக்குக் குப்பி அடர்த்தி மாறும்.
2. டிபிஎஸ்டியில் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை கழுவுங்கள்.
3. எச்ஆர்பி என்ற என்ஸைம் இணைத்த, எலி ஆன்டிபாடியைப் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடி 1:5000 முதல் 1:10,000 வரை, அறை வெப்பநிலையில் ஒரு மணி நேரம்.
4. மறுபடி மூன்று முறை கழுவல். இதில் நேரம் மிச்சம் பிடிக்காதீர்கள்.

டிஓ-1 மனித பி53-ஐப் பிடிக்கும், எலியினுடையதைப் பிடிக்காது. எலித் திசுவில் வேலை செய்பவர்கள் இதை வாங்கி ஏமாறுவது வழக்கம். எலித் திசுவில் எலி ஆன்டிபாடியைப் பயன்படுத்தினால் இன்னொரு தொல்லையும் வரும்: திசுவில் இருக்கும் எலி ஆன்டிபாடிகளையே இரண்டாம் ஆன்டிபாடி பிடித்து, 50-இலும் 25-இலும் தடித்த பேண்டுகளைக் காட்டும். 53-இல் பி53-ஐத் தேடுபவருக்கு 50-இல் வரும் பேண்ட் எவ்வளவு வசதியான பொய் என்று யோசித்துப் பாருங்கள்.

சோடியம் அசைடு முதன்மை ஆன்டிபாடியைச் சேமிக்க உதவும் (0.02%). எச்ஆர்பி இருக்கும் எந்தக் கரைசலிலும் அது கலக்கக் கூடாது, என்ஸைமை முடக்கிவிடும்.

படமெடுத்தல்

எச்ஆர்பி பட்டால் ஒளிரும் ஈசிஎல் கரைசல்கள் இரண்டையும் சம அளவில் கலந்து, மெம்ப்ரேன் முழுக்கப் படும்படி 1 மி.லி. விட்டு, ஒரு நிமிடம் வைத்து, விளிம்பைத் தாளில் தொட்டு வடித்துவிட்டு இமேஜரில் வையுங்கள். 5 நொடி, 20 நொடி, 1 நிமிடம், 5 நிமிடம் என்று வரிசையாக எடுங்கள். எதை எடுத்தாலும் பிக்ஸல் நிறைந்துவிட்டதா என்று காட்டும் வசதியை இயக்கி வையுங்கள். நிறைந்துபோன பேண்டை அளந்து "மூன்று மடங்கு" என்று எழுதுவதில் பொருளில்லை.

ஏற்றிய அளவு சமமா என்று காட்ட, எல்லாச் செல்லிலும் இருக்கும் டியூபுலின் புரதத்தை எடுக்காதீர்கள். அது 50 முதல் 55-இல் ஓடி பி53 மேலேயே விழும். முயல் ஆன்டிபாடி கொண்டு 37-இல் வரும், அதேபோல எங்கும் இருக்கும் ஜிஏபிடிஎச் என்ற புரதத்தைத் தேடலாம். ஆனால் 20 மைக்ரோகிராம் சாறில் ஜிஏபிடிஎச் அவ்வளவு அதிகம் இருப்பதால் பேண்ட் எளிதில் நிறைந்து, சமமில்லாத லேன்களும் சமமாகத் தெரியும். பொன்சோ படத்தில் முழு லேனையும் அளந்து ஒப்பிடுவதே நேர்மையான வழி என்பது எங்கள் கருத்து. எப்படி அளந்தாலும், ஒருமுறையாவது மூன்றாவது லேன் சாம்பிளை 40, 20, 10, 5 மைக்ரோகிராமாக ஏற்றி, பேண்டும் பாதி பாதியாகக் குறைகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எதுவும் சரியாக வராதபோது

பேண்டே இல்லை என்றால் பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். மெம்ப்ரேன் துண்டொன்றில் இரண்டாம் ஆன்டிபாடியை ஒரு மைக்ரோலிட்டர் பொட்டு வைத்து ஈசிஎல் விடுங்கள். ஒளிர்ந்தால் எச்ஆர்பியும் ஈசிஎல்லும் உயிரோடு இருக்கின்றன. அடுத்து, முதன்மை ஆன்டிபாடியைப் பொட்டு வைத்து, பாலில் அடைத்து, இரண்டாம் ஆன்டிபாடி விட்டுப் பாருங்கள். ஒளிரவில்லை என்றால் தவறான விலங்கின் இரண்டாம் ஆன்டிபாடியை எடுத்திருக்கிறீர்கள். இரண்டும் ஒளிர்ந்து, பொன்சோவும் நன்றாக இருந்தால், மூன்றாவது லேனைப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் ஆன்டிபாடி சரியில்லை, அல்லது மருந்து வேலை செய்யவில்லை. இதைப் பிரித்தறிய, பி53 ஏறினால் கூடவே ஏறும் பி21-ஐத் தேடிப் பார்க்கலாம்.

பேண்டின் நடுப்பகுதி வெள்ளையாக, மெம்ப்ரேனில் பழுப்புக் கோடாகத் தெரிந்தால் ஆன்டிபாடி குறைவு அல்ல, அதிகம். எச்ஆர்பி அளவுக்கு மீறி நின்று, ஈசிஎல்லைப் படமெடுக்கும் முன்பே தின்றுவிட்டது. இரண்டாம் ஆன்டிபாடியைப் பத்தில் ஒன்றாகக் குறையுங்கள். மெம்ப்ரேன் முழுதும் கறுத்தாலும் முதலில் குறைக்க வேண்டியது அதைத்தான். கறுப்பு திட்டுத்திட்டாக இருந்தால் மெம்ப்ரேன் எங்கோ காய்ந்திருக்கிறது, அல்லது பால்பவுடர் சரியாகக் கரையவில்லை.

ஒன்றுக்கு மேற்பட்ட பேண்டுகள் வந்தால் எச்1299 லேன்களைப் பாருங்கள். அங்கேயும் இருக்கும் பேண்ட் எதுவும் பி53 அல்ல, யோசிக்க வேண்டியதில்லை. எம்சிஎஃப்-7-இல் மட்டும் 53-க்கு மேலே படிப்படியாக ஏறும் மங்கலான கோடுகள் யுபிக்விட்டின் (அழிக்க வேண்டிய புரதத்தில் ஒட்டும் சிறு புரதம்) ஒட்டிய பி53 ஆக இருக்கலாம். கீழே வருபவை பெரும்பாலும் சிதைந்த துண்டுகள். முன்பகுதி இல்லாத குறும்வடிவங்களும் பி53-க்கு உண்டு. ஆனால் டிஓ-1 பிடிப்பது முதல் 25 அமினோ அமிலங்களுக்குள் இருக்கும் இடத்தை. அந்த வடிவங்கள் இதன் கண்ணில் படாது. கீழே கோடுகள் அதிகமாக இருந்தால் பிஎம்எஸ்எஃப்பையும் ஐஸையும் சந்தேகியுங்கள்.

மார்க்கர் சொல்லும் எடையையும் தோராயமாகவே கொள்ளுங்கள். ஒட்டிய சாயம் மார்க்கர் புரதத்தின் ஓட்டத்தை மாற்றும். வேறு கம்பெனி மார்க்கரில் அதே பி53 சில கிலோடால்டன் தள்ளித் தெரிவது சகஜம்.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை

ஆன்டிபாடியின் குளோன் பெயர், கேட்டலாக் எண், லாட் எண், ஆர்ஆர்ஐடி எண் (ஆய்வுப் பொருளுக்கான அடையாள எண்), ஒரு மி.லி.க்கு எத்தனை மைக்ரோகிராம், எத்தனை நொடிப் படம். பாலிக்ளோனல் (பல குளோன்களின் ஆன்டிபாடிக் கலவை) என்றால் லாட் மாறும்போது நடத்தையும் மாறலாம். புதுக் குப்பி வந்ததும் பழையதோடு பக்கத்தில் வைத்து அதே ஐந்து லேன்களை ஓட்டுங்கள். கட்டுரைக்கு வெட்டிய படத்தைக் கொடுத்தாலும், வெட்டாத முழு மெம்ப்ரேன் படத்தையும் அதன் பொன்சோவையும் ஒரே கோப்புறையில் வையுங்கள். இதழ்கள் கேட்கும்.